சின்னப் பிள்ளைங்க கபடிக்கு விசில் ஊதுறவங்க கவனத்துக்கு

போன பதிவுல உளுந்து அறுப்புக் கூலியைப் பத்தி எழுதியிருந்தேன். இந்தத் தடவை வயலை விட்டுக் கரையேறி வேற ஒரு சங்கதி பேசலாம்னு இருக்கேன்.

கோடை லீவு விட்டாச்சு. மேட்டூர்ல தண்ணி திறக்க ஜூன் 12 ஆகணும், அதுவும் அணையில தண்ணி இருந்தாத்தான். அதுவரைக்கும் எங்க ஊர்க் குளம் காஞ்சுதான் கிடக்கும். அந்தக் குளத்துக்குள்ளதான் சாயங்காலம் நாலரை மணிக்கு மேல பிள்ளைங்க கபடி ஆடும். எட்டு வயசுலேர்ந்து பன்னெண்டு வயசு வரைக்கும் இருக்கிற பிள்ளைங்க. பாதிப் பேருக்கு இதுதான் முதல் வருஷம். சென்னை, திருப்பூர், பெங்களூர்லேர்ந்து தாத்தா பாட்டி வீட்டுக்கு லீவுக்கு வந்த பிள்ளைங்களும் அதுல உண்டு. இதைப் படிக்கிற உங்க வீட்டுப் பிள்ளையாவும் இருக்கலாம்.

பத்துப் பன்னெண்டு வருஷமா இந்தச் சின்னப் பசங்க ஆட்டத்துக்கு விசில் என் கையிலதான் இருக்கு. பள்ளிக்கூடத்துல டீமுக்கு ஆடினவன், பத்தாவதோட படிப்பு முடிஞ்சது, இப்ப ரெண்டரை ஏக்கர் வெள்ளாமை. அதிகாரமா சொல்ல எனக்கு ஒண்ணும் பட்டம் கிடையாது. இருந்தாலும் ஒரு கருத்து எனக்கு உறுதியா உண்டு. பெரியவங்க ஆட்டத்துக்கு அம்பயர் கொஞ்சம் மட்டமா அமைஞ்சாலும் ஆட்டம் நடந்துடும், நாலு சத்தம் போட்டு வீட்டுக்குப் போயிடுவாங்க. முதல் வருஷம் ஆடுற பிள்ளைங்களுக்கு அம்பயர் மட்டமா அமைஞ்சா அந்தப் பிள்ளை திரும்ப மைதானத்துக்கே வராது.

ஆனா நம்ம ஊர்கள்ல நடக்கிறது தலைகீழ். பெரியவங்க ஆட்டம்னா பக்கத்து ஊர்லேர்ந்து விவரமான ஆளைக் கூப்பிட்டு, சாப்பாடு போட்டு, பஸ் காசும் கொடுத்து நிறுத்துறோம். சின்னப் பசங்க ஆட்டம்னா, கால்ல அடிபட்டு ஆட முடியாம நிக்கிற எவனோ ஒருத்தன் கையில விசிலைத் திணிச்சு "டேய், நீ ஊதுடா"ங்கிறோம். அவன் ஒரு கண்ணு போன்ல, ஒரு கண்ணு கோட்டுல.

முதல்ல அந்த வேலை எவ்வளவு கஷ்டம்னு சொல்லிடறேன். முறையான கபடி ஆட்டத்துக்கு ஒரு ரெஃப்ரி, ரெண்டு அம்பயர், ஸ்கோர் எழுத ஒருத்தர், அவருக்கு உதவிக்கு ரெண்டு பேர், ஆக ஆறு பேர் வேணும். இங்க ஆறு பேர் வேலையையும் ஒரே ஆள் பார்க்கணும். பாடிப் போற பிள்ளையோட கை எதிராளி மேல பட்டுச்சா, அதே நேரம் பின்னங்கால் கோட்டைத் தாண்டுச்சா, வாயில கபடி கபடின்னு பாட்டு வருதா, மூணையும் ஒரே நொடியில பார்க்கணும், கேட்கணும். போதாததுக்கு, பாதிப் பிள்ளைங்க சிரிப்புல பாட்டை விட்டுடும். கொஞ்சம் பயந்த பிள்ளை நடுக்கோட்டுலயே நின்னு பாடிட்டுத் திரும்பி ஓடியாந்துடும். இதையெல்லாம் விதிப் புத்தகப்படி ஊதினா பத்து நிமிஷத்துல ஆட்டம் முடிஞ்சிடும்.

அதனாலதான் பாதி ஆட்கள் சின்னப் பிள்ளைங்க ஆட்டத்துல "போனாப் போகுது"ன்னு ஊதுறாங்க. சின்னவன் அழுதா ஒரு பாயிண்டு. பட்டணத்துப் பிள்ளை, விருந்தாளி, அதனால ஒரு பாயிண்டு. தலைவர் பேரன், அதனால ஒரு பாயிண்டு. இதை இரக்கம்னு நினைச்சுக்கிறாங்க. பிள்ளைங்க இதை ரெண்டாவது நாளே கண்டுபிடிச்சிடும். அழுதா கிடைக்கும்னு ஒருத்தன் கத்துக்குவான். யார் வீட்டுப் பிள்ளைன்னு பார்த்துத்தான் இந்த ஊர்ல விசில் அடிக்கும்னு இன்னொருத்தன் கத்துக்குவான். ரெண்டாவது பாடம் ஆயுசுக்கும் மறக்காது.

என் கருத்து இதுதான்: இரக்கத்தை விதியில வைங்க, விசில்ல வைக்காதீங்க. ஆட்டம் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே சின்னப் பிள்ளைக்கு ஏத்த மாதிரி விதியைக் குறைச்சு, எல்லாருக்கும் உரக்கச் சொல்லிடுங்க. அதுக்கப்புறம் யாரா இருந்தாலும் அதே விதி, அதே விசில். நாத்தங்காலுக்கும் நடவு வயலுக்கும் தண்ணி கட்டுற அளவு வேற. நாத்தங்கால்ல வயல் அளவுக்குத் தண்ணி நிறுத்தினா முளை அழுகிப் போகும். ஆனா ஒரே நாத்தங்காலுக்குள்ள இந்த மூலைக்குத் தண்ணி, அந்த மூலைக்குக் கிடையாதுன்னு யாரும் வைக்கிறதில்லை.

எந்தெந்த விதியைக் குறைக்கலாம்? நாங்க செய்யறதைச் சொல்றேன், நீங்க உங்க அபார்ட்மெண்ட் மைதானத்துலயும் செஞ்சு பார்க்கலாம்.

முதல்ல களம். ஆண்களுக்கு 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். பதினாறு வயசுக்கு உட்பட்ட சப்-ஜூனியருக்கே 11க்கு 8தான். எட்டு வயசுப் பிள்ளைக்கு அதுவும் பெரிசு. நாங்க 8க்கு 6 போடுறோம், பக்கத்துக்கு அஞ்சு பேர். குளத்து வண்டல் காஞ்சா கல்லு மாதிரி இருக்கும். மம்பட்டியால கொத்தி, கட்டி உடைச்சு, மர அறுவை மில்லுலேர்ந்து ரெண்டு மூட்டை மரத்தூள் வாங்கிப் பரப்பி, லேசாத் தண்ணி தெளிச்சுடுவோம். கோட்டுக்குச் சுண்ணாம்பு வேண்டாம், விழுந்து எழும்போது கண்ணுல பட்டா புண்ணாயிடும். கோலமாவு போதும். கயிறு கட்டிக் கோடு போடுறதும் வேண்டாம், கால் மாட்டிக்கும்.

அடுத்தது லாபி. களத்துக்கு ரெண்டு பக்கமும் ஒரு மீட்டர் பட்டை இருக்கும். யாரையும் தொடுறதுக்கு முன்னாடி அதுல கால் வச்சா அவுட்டு, தொட்டு மல்லுக்கட்டு ஆரம்பிச்சிட்டா அதுவும் களம்தான். இதைப் பெரியவங்களுக்கே புரிய வைக்க முடியாது. 2023 அக்டோபர்ல ஹாங்சோ ஆசிய விளையாட்டு இறுதி ஆட்டம் ஞாபகம் இருக்கா? இந்தியாவும் ஈரானும் 28க்கு 28ல நிக்கும்போது, பவன் செராவத் யாரையும் தொடாம லாபிக்குள்ள கால் வச்சிட்டார். பின்னாடியே ஈரான்காரங்களும் லாபிக்குள்ள போயிட்டாங்க. பழைய விதிப்படி ஒரு கணக்கு, புது விதிப்படி ஒரு கணக்கு. கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் ஆட்டம் நின்னு போச்சு. கடைசியில 33க்கு 29ன்னு நாம ஜெயிச்சோம். உலகத்துலயே பெரிய அம்பயர்கள் சேர்ந்தும் தீர்க்கச் சிரமப்பட்ட விதியை, மூணாவது படிக்கிற பிள்ளை தலையில ஏத்தி "அவுட்டு, போ வெளிய"ன்னு சொல்றது நியாயமா? எங்க களத்துல லாபி கிடையாது. போனஸ் கோடும் கிடையாது, லோனாவும் கிடையாது.

பாட்டு விட்டா முறைப்படி எதிரணிக்குப் பாயிண்டு. முதல் வருஷப் பிள்ளைக்கு ஒரு ஆட்டத்துல ஒரு தடவை மன்னிப்பு. "தம்பி, பாட்டு வரலை, திரும்பப் போ"ன்னு சொல்லுவேன். ரெண்டாவது தடவை பாயிண்டு போயிடும். இது எல்லாப் பிள்ளைக்கும் உண்டு, எனக்குப் பிடிச்ச பிள்ளைக்கு மட்டும் இல்லை.

நான் ரொம்ப முக்கியம்னு நினைக்கிறது அடுத்த விதி. கபடியில அவுட்டானவன் வெளிய போய் உட்காரணும், அவன் அணி பாயிண்டு எடுத்தாத்தான் திரும்ப உள்ள வரலாம். பெரியவங்க ஆட்டத்துக்கு அதுதான் உயிர். சின்னப் பிள்ளைங்க ஆட்டத்துல என்ன ஆகுதுன்னா, ஆட்டமே தெரியாத பிள்ளை முதல்ல அவுட்டாகி, ஆட்டம் முடியற வரைக்கும் கரையில உட்கார்ந்து மண்ணைக் கிளறிக்கிட்டு இருக்கும். நல்லா ஆடுற பிள்ளை நாற்பது தடவை பாடிட்டு வரும். யாருக்குப் பழக்கம் வேணுமோ அந்தப் பிள்ளைக்குப் பழக்கம் கிடைக்கலை. அதனால எங்க ஆட்டத்துல யாரும் வெளிய போகமாட்டாங்க. அவுட்டானா எதிரணிக்கு ஒரு பாயிண்டு, ஆள் உள்ளயே நிப்பான். பாடிப் போறதும் வரிசைப்படிதான், அஞ்சு பேரும் சுத்தி வரணும்.

விதியைக் குறைச்சிட்டோம்னு எல்லாத்தையும் விட்டுட முடியாது. வாயைப் பொத்திப் பாட்டை நிறுத்துறது, கழுத்தைப் பிடிக்கிறது, ரெண்டு காலால கத்திரி மாதிரி இடுக்கிப் பிடிக்கிறது, கோட்டுக்கு வெளிய பிடிச்சுத் தள்ளுறது, இதெல்லாம் பெரியவங்க விதியிலயே தப்பு. பிள்ளைங்களுக்கு முதல்ல கை போறதே வாய்க்கும் சட்டைக்கும்தான். இதுக்கு மட்டும் எந்த வயசானாலும் மன்னிப்பு கிடையாது. விசில் ஊதி, ஆட்டத்தை நிறுத்தி, ஏன் ஊதினேன்னு எல்லாப் பிள்ளைக்கும் கேட்கிற மாதிரி சொல்லணும். ஊதிட்டுச் சும்மா கையைக் காட்டினா பிள்ளைக்கு ஒண்ணும் விளங்காது.

இப்ப கொஞ்சம் கசப்பான விஷயம்.

எங்க ஊர்ல வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் ஊர், அந்தப் பக்கம் காலனி. உங்க பூர்வீக ஊர்லயும் ஏதோ ஒரு வாய்க்கால் இருக்கும். எங்க அப்பா காலத்துல ரெண்டு பக்கத்துப் பிள்ளைங்களும் ஒரே கோட்டுக்குள்ள நின்னதில்லை. காரணம் வெளிப்படை. கபடி தொட்டு ஆடுற ஆட்டம். தொட்டா பாயிண்டு, கட்டிப் பிடிச்சா பாயிண்டு, தொடாம வந்தா ஒண்ணுமே கிடையாது. நான் ஆடின காலத்துல பள்ளிக்கூடத்துல ஒண்ணா ஆடினோம், ஊருக்குள்ள வந்தா தெருவுக்கொரு டீம். இன்னைக்கும் பொங்கலுக்கு டீம் கட்டினா தெரு பேர்லயும் தலைவர் பேர்லயும்தான் கட்டுறாங்க.

விசில் வச்சிருக்கிற நான் இந்தப் பக்கத்துக்காரன். பட்டுச்சா படலையான்னு சந்தேகமான பாயிண்டு நாலு வந்து, நாலும் இந்தப் பக்கமே விழுந்தா, அந்தப் பக்கத்துப் பிள்ளை என்கிட்ட ஒரு வார்த்தை கேட்காது. மறுநாள் வராது, அவ்வளவுதான். நாமும் "அதுங்களுக்கு ஆர்வம் இல்லை"ன்னு சொல்லிட்டு இருந்துடுவோம். அதே மாதிரி, பாவம்னு சொல்லி அந்தப் பிள்ளைக்குச் சும்மா ஒரு பாயிண்டு கொடுத்தாலும் தப்பு. அதுவும் ஒரு வகையில ஒதுக்கி வைக்கிறதுதான்.

இதுக்கு நம்ம பழைய ஆளுங்க வச்ச வழி ஒண்ணு இருக்கு: உத்தி பிரிக்கிறது. உங்கள்ல பலருக்கு ஞாபகம் இருக்கும். சம பலமுள்ள ரெண்டு பிள்ளைங்க தோள் மேல கை போட்டுத் தள்ளிப் போய் ஆளுக்கொரு பேரு ரகசியமா வச்சுக்கிட்டு வரும். "யானை வேணுமா, குதிரை வேணுமா?" தலைவன் ஒண்ணைக் கேட்பான். அந்தப் பிள்ளை அந்தப் பக்கம், மத்தது இந்தப் பக்கம். இதுல பலமும் சமமாப் பிரியும், தெருவும் கலந்து போகும். நான் ஒரே ஒரு நிபந்தனை வைக்கிறேன்: ஜோடி சேர்ந்து வரும்போது ஒரே தெரு ஜோடி கூடாது. தோள்ல கை போட்டு வரணும். தினமும் புதுசாப் பிரிக்கணும். பதினஞ்சு பாயிண்டு வித்தியாசம் வந்துட்டா அங்கயே நிறுத்தி மறுபடியும் உத்தி பிரிப்போம்.

"தோத்துப் பழகட்டுமே, அதுல என்ன?"ன்னு சில பெருசுங்க கேட்கிறாங்க. தோத்துப் பழகட்டும், நானும் சொல்றேன். பிள்ளை தினமும் தோத்துட்டுத்தான் போகுது, ஒண்ணும் ஆகலை. ஒரே தெரு ஒரே தெருவைத் தினமும் நாற்பதுக்கு மூணுன்னு அடிச்சா அதுக்குப் பேரு விளையாட்டு கிடையாது.

இன்னொண்ணு, பிள்ளைங்ககிட்டக் கேக்கலாமாங்கிற விவாதம். பெரியவங்க ஆட்டத்துல அம்பயர் ஆட்டக்காரனைக் கேட்கவே கூடாது. சின்னப் பிள்ளைங்ககிட்ட நான் கேட்பேன். "பட்டுச்சாடா?" பத்துல எட்டுப் பிள்ளை முகத்துலயே தெரிஞ்சிடும். "லேசாப் பட்டுச்சு தாத்தா"ன்னு அவுட்டான பிள்ளையே சொல்லும். தீர்ப்பு நான்தான் சொல்லுவேன், ஆனா கேட்டுட்டுச் சொல்லுவேன். பொய் சொல்லாதேன்னு வாயால நூறு தடவை சொல்றதைவிட, தனக்கு நஷ்டமா இருந்தாலும் உண்மையைச் சொல்ல ஒரு இடம் கொடுக்கிறது பெரிசு. அந்தப் பிள்ளைக்குப் பொய்யைச் சொல்லிக் கொடுக்கிறது கரையில நிக்கிற நாமதான். "படலைன்னு சொல்லுடா!"ன்னு கத்துறது சித்தப்பாதானே?

அதனால கரையில நிக்கிற பெரியவங்களுக்கும் ஒரு கோடு போடுறேன், களத்துலேர்ந்து பத்தடி தள்ளி. கை தட்டலாம். எந்தப் பிள்ளையையும் பேர் சொல்லித் திட்டக் கூடாது, எனக்குச் சைகை காட்டக் கூடாது. மீறினா ஆட்டத்தை நிறுத்திட்டு அவர் கரையேறுற வரைக்கும் நிப்பேன். வயசுல மூத்தவங்ககிட்ட இப்படி நடந்துக்கலாமான்னு கேட்டாங்க. விசில் கையில இருக்கிற வரைக்கும் எனக்கு அந்தக் களத்துல இருக்கிற பத்துப் பிள்ளைங்கதான் மூத்தவங்க. பட்டணத்துல கிரிக்கெட் கோச்சிங்குக்கும் பேட்மிண்டனுக்கும் பிள்ளையைக் கூட்டிட்டுப் போறவங்களும் ஒரு தடவை தங்களைத் தாங்களே கவனிச்சுப் பாருங்க.

பரிசுப் பணம், எடைக் கபடி பத்தியும் சொல்லணும். 55 கிலோ, 60 கிலோன்னு எடைப் பிரிவு வச்சுத் தொடர் ஆட்டம் நடத்துறது இப்ப எங்க பக்கம் நிறைய. பெரியவங்களுக்கு நல்ல விஷயம், ஒல்லியான பையனுக்கும் இடம் கிடைக்குது. அதே முறையைச் சின்னப் பசங்களுக்கும் கொண்டாந்துட்டாங்க. பக்கத்து ஒன்றியத்துல ஒரு ஆட்டத்துக்கு ஊதப் போயிருந்தேன். பதிமூணு வயசுப் பையன், முதல் நாள் மத்தியானத்துலேர்ந்து சோறு தண்ணி இல்லை, ஒண்ணரைக் கிலோ குறைக்கணும்னு வெயில்ல ஸ்வெட்டர் போட்டு ஓட விட்டிருக்காங்க. எடை நின்னுட்டான். ரெண்டாவது ஆட்டத்துல வாந்தி எடுத்து விழுந்தான். இளநி வாங்கிக் கொடுத்து உட்கார வச்சா, "தாத்தா, அடுத்த ஆட்டத்துக்கு விடுவீங்களா?"ன்னு கேட்கிறான். அன்னையிலேர்ந்து, பதினாலு வயசுக்கு உட்பட்ட பிள்ளைங்களுக்கு எடைத் தராசு வைக்கிற ஆட்டத்துக்கு நான் ஊதப் போறதில்லை. விசில் ஊதுறவங்க எல்லாரும் இப்படிச் சொன்னா நடத்துறவங்க வழிக்கு வந்துடுவாங்க. ஊத ஆள் இல்லாம ஆட்டம் நடத்த முடியாதுல்ல?

பொம்பளைப் பிள்ளைங்க விஷயமும் அம்பயர்கிட்டத்தான் பாதி நிக்குது. பத்து வயசு வரைக்கும் எல்லாம் சேர்ந்து ஆடும். பன்னெண்டு ஆனா வீட்டுல நிறுத்திடறாங்க. ஆசிய விளையாட்டுல பெண்கள் கபடி 2010லயே வந்தாச்சு. 2025ல பஹ்ரைன்ல நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுல தங்கம் வாங்கின இந்தியப் பெண்கள் அணியில சென்னை கண்ணகி நகர்ப் பொண்ணு ஒண்ணு ஆடிச்சு. டிவியில அதைப் பார்த்துக் கை தட்டின அதே வீட்டுலதான் சொந்தப் பொண்ணை "போதும், உள்ள வா"ங்கிறாங்க. பெத்தவங்களைக் கேட்டா, ஆம்பளைங்க கூட்டம், ஆம்பளை அம்பயர், இருட்டிடும்னு மூணு காரணம் சொல்றாங்க. மூணுக்கும் வழி உண்டு. பெரிய பொண்ணுங்க ஆட்டத்தைச் சாயங்காலம் முதல் ஆட்டமா வச்சிட்டோம். வெட்டியா வேடிக்கை பார்க்கிற இளவட்டங்களை அந்த நேரம் குளத்துக்குள்ள விடறதில்லை. விசிலைக் காலேஜ் போற ஒரு பொண்ணுகிட்டக் கொடுத்துட்டேன், நான் ஸ்கோர் எழுதுறேன். என்னைவிட அதுக்குக் கண்ணு கூர்மை.

ஆட்டம் இல்லாத பிள்ளைங்களைக் கோட்டுக்கு ரெண்டு முனையிலயும் உட்கார வச்சுக் கால் தாண்டுச்சான்னு பார்க்கச் சொல்றதும் உண்டு. தன் சிநேகிதன் கால் தாண்டினதைப் பார்த்துட்டுக் கையைத் தூக்கணும். முதல் நாள் தயங்கும். மூணாவது நாள் பளிச்சுன்னு தூக்கிடும். இது ஆடக் கத்துக்கிறதைவிடப் பெரிய படிப்புன்னு நினைக்கிறேன்.

"இப்படிப் பொத்திப் பொத்தி வளர்த்தா குறுவட்டப் போட்டியில போய் என்ன ஜெயிக்கும்?"ன்னு ஒரு கேள்வி வரும். பன்னெண்டு வயசு ஆகும்போது விதியை ஒவ்வொண்ணாச் சேர்த்துடறோம். முதல்ல வெளிய உட்காருற விதி, அப்புறம் லாபி, அப்புறம் போனஸ், கடைசியில லோனா. ஆட்டத்துல ஆசை வந்த பிள்ளைக்கு விதி கத்துக்க ஒரு மாசம் போதும். ஆசை செத்த பிள்ளைக்கு விதி தெரிஞ்சு என்ன பிரயோஜனம்?

லீவுக்கு ஊருக்கு வர்றவங்களுக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளையை எங்ககிட்ட விட்டுட்டுப் பத்தடிக் கோட்டுக்கு அப்பால நில்லுங்க. உங்க பிள்ளை அவுட்டுன்னு ஊதுவேன், கோவப்படாதீங்க. முழங்கால் சிராய்ப்புக்கு மஞ்சளும் தேங்காயெண்ணெயும் பாட்டி வீட்டுல இருக்கும். ஒரு காலத்துல சடுகுடு ஆடினவங்க நீங்களா இருந்தா, ரெண்டு நாள் அந்த விசிலைக் கையில வாங்குங்க. ஐம்பத்து நாலு வயசுல எனக்கும் சாயங்கால வெளிச்சத்துல கோடு மங்கத்தான் தெரியுது. வரும்போது ஒரு பை கோலமாவும், சின்னப் பிள்ளை சைஸ்ல நாலு முழங்கால் உறையும் வாங்கிட்டு வந்தா உபயோகமா இருக்கும். ஜூன்ல தண்ணி வந்து குளம் நிறையற வரைக்கும் தினமும் நாலரை மணிக்கு ஆட்டம் உண்டு.